ஒரு நிமிடம் பேசாதீர்கள், மை லார்ட்!

சட்டக் கல்லூரி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும் 'வால்' என்று ஊர் கூப்பிடும் அவனுக்குக் கை அரித்தது. யாரையாவது ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. ஆள் கிடைக்காததால் ஸ்கூட்டர் சீட்டை அறைந்தான். பூட்டு உடைந்த சீட்டு அது. பட்டென்று திறந்துகொண்டு அவனைப் பார்த்துப் பல்லை இளித்தது.

"வண்டி என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றாள் அண்ணி, ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

"அண்ணனை வெளியே தள்ளின வாசல் அண்ணி இது! இதுக்குள்ள ரெண்டாவது நாளா வந்து நிக்கறோம். அதுவும் யாருக்கு? அந்த ஜட்ஜோட சாமானைத் தேடிக் குடுக்க. எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். அணையாம மட்டும் பாத்துக்கோ. சாயங்காலம் தேவைப்படும்."

ஊர் முழுக்க அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். வால் எந்நேரமும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, போலீஸ் இன்ஸ்பெக்டர் முதல் பிக்பாக்கெட் வரை அதையே பிடித்துக்கொண்டார்கள். தொலைந்ததைத் துப்பறிந்து கண்டுபிடிப்பது அவள் தொழில். அவள் பின்னாலேயே போவது அவள் கொழுந்தனின் தொழில். வால் என்ற பெயர் அப்படி விழுந்தது. அதற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. வால் இல்லாத பிராணிக்கு முதுகில் உட்காரும் ஈயை ஓட்டக்கூட வக்கில்லை என்பான்.

வருத்தமெல்லாம் அண்ணனைப் பற்றித்தான். நாற்பது வருடங்களுக்கு முன் அண்ணன் இங்கே கடைசி வருட மாணவன். தங்கப் பதக்கம் இவனுக்குத்தான் என்று வாத்தியார்களே பேசிக்கொண்ட சமயம். அப்போது பார்த்து சாட்சியச் சட்டக் கேள்வித்தாள் முதல்வர் அறையிலிருந்து காணாமல் போய், அண்ணனின் விடுதி அறையில் அகப்பட்டது. "அவன் முதல்வர் அறையிலிருந்து வெளியே வந்ததை என் கண்ணால் பார்த்தேன்" என்று சாட்சி சொன்னவன், ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதன், விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்து படித்தவன். அண்ணனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். பதக்கம் சிநேகிதன் கழுத்தில் ஏறியது. அவன் வக்கீலாகி, நீதிபதியாகி, சகல மரியாதைகளோடும் ஓய்வும் பெற்றுவிட்டான். அண்ணனோ நீதிமன்ற வாசலில் உட்கார்ந்து, அடுத்தவர் மனுக்களை டைப் அடித்தே தேய்ந்துபோனான். சாகும்போது, "நான் எடுக்கலை" என்றான். அண்ணியிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் சொல்லிவிட்டுத்தான் செத்தான். அந்த வார்த்தை இன்னும் அவள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் கல்லூரியின் புது மண்டபத்துக்கு அந்தச் சிநேகிதன் பெயரை வைக்கப் போகிறார்கள்.

இப்போதைய முதல்வர், அவரும் அந்தச் சமயத்தில் இங்கே படித்தவர்தான், தன் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் வியர்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிக்கு நூறு வயது. பழைய மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, கல்லூரியின் கதையை அவரவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவுசெய்து, 'குரல் காப்பகம்' என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். அதில்தான் கைவைத்துவிட்டார்களாம்.

"ஜட்ஜ் ஐயாவோட பேட்டி மட்டும் போச்சும்மா! கம்ப்யூட்டர்ல அழிச்சிருக்காங்க. முதல்ல பதிவான மெமரி கார்டையும் காணோம். சாயங்காலம் அத்தனை பேர் முன்னாடி அதைப் போடணும்னு இருந்தோம்!"

"சார், நேத்து நீங்களே எங்களைக் கூப்பிட்டு, காப்பகத்துக்குப் பாதுகாப்பு போதுமான்னு பாக்கச் சொன்னீங்க" என்றான் வால். "நாங்க பாத்துட்டுப் போனோம். இன்னைக்குத் திருட்டுப் போயிடுச்சு. எங்க கைராசியைப் பத்தி உங்களுக்கு யாரும் முன்னாடியே சொல்லலையா?"

முதல்வர் சிரிக்கவில்லை. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து எங்களை அந்த ரூம்ல விட்டுட்டு ஒரு போன் பேசப் போனீங்களே சார். ரொம்ப நீளமான போன். நாங்க மட்டும்தான் உள்ள இருந்தோம்."

"ஆமா, ஆமா. அது வந்து... வீட்டிலிருந்து."

"பரவாயில்லை. வீடுன்னா நீளமாத்தான் இருக்கும்" என்று அண்ணி எழுந்துகொண்டாள்.

வராந்தாவுக்கு வந்ததும் வால் அவள் காதருகே குனிந்தான். "அண்ணி, எனக்கு இந்த ஆளைப் பிடிக்கலை. உங்களுக்கு?"

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இவ்வளவு மோசமாப் பொய் சொல்றவங்க நம்ம தொழிலுக்கு வரப்பிரசாதம்டா."

பதிவு அறை முதல்வர் அறைக்கு அடுத்தாற்போலவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்கக் கதவு. வராந்தாவிலிருந்து ஒரு முன்கதவு. ஜன்னலுக்குக் கனத்த திரை. நடுவில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலிகள். அங்கே பேட்டி எடுத்துப் பதிவுசெய்யும் பெண்மணிக்குக் கல்லூரியில் 'காது' என்று பெயர். ஹெட்போனை ஆரம் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"என் வேலை போச்சுங்க. கார்டு என் பொறுப்பு. நான்தான் எடுத்தேன்னு பேசிக்கறாங்க."

"எடுத்தீங்களா?" என்றான் வால்.

"ஐயோ!"

"சும்மா கேட்டேன். திருடறவங்க இப்படி மூக்கைச் சிந்த மாட்டாங்க. நிறைய பாத்திருக்கேன்."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க. பேட்டின்னா என்ன கேப்பீங்க?"

"எல்லார்கிட்டயும் ஒரே கேள்விங்கதான். எப்ப சேந்தீங்க, யார் வாத்தியார், மறக்க முடியாத சம்பவம் எது, இப்படி. ஒரே கேள்வியா இருந்தாத்தான் ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொன்னதோட ஒட்டிப் பாக்க முடியும்."

"அந்த ஜட்ஜோட வருஷத்துல மறக்க முடியாத சம்பவம்னா எல்லாரும் என்ன சொன்னாங்க?"

காது தர்மசங்கடத்தோடு நெளிந்தாள். இவர்கள் யார் வீட்டு மனிதர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "அந்தக் கேள்வித்தாள் விஷயத்தைத்தாம்மா எல்லாரும் சொன்னாங்க. உங்க வீட்டுக்காரர் ரூம்ல, கட்டிலுக்கு அடியில கிடைச்சுதுன்னு."

"எல்லாருமே கட்டிலுக்கு அடியிலன்னா?"

"ஆமாம்மா. நோட்டீஸ் போர்டுல அப்படித்தான் ஒட்டியிருந்துச்சாம். ஜட்ஜ் ஐயா ஒருத்தர்தான் மாத்திச் சொன்னார். தலையணை உறைக்குள்ளன்னு."

வால் சட்டென்று அண்ணியைப் பார்த்தான். அண்ணியின் கை மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தது.

தலையணை உறைக்குள்தான் இருந்தது. அண்ணன் ஆயிரம் தடவை சொல்லிப் புலம்பியதை இருவரும் கேட்டிருக்கிறார்கள். சோதனைக்கு வந்த விடுதிக் கண்காணிப்பாளர் ஒரு சோம்பேறி. சீட்டுக்கட்டைப் பிடித்தாலும் சிகரெட்டைப் பிடித்தாலும் 'கட்டிலுக்கு அடியிலிருந்து கைப்பற்றப்பட்டது' என்றுதான் எழுதுவார். அண்ணனின் தலையணையை அண்ணன் கண்ணெதிரே உதறிக் காகிதத்தை எடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கட்டில் என்று எழுதி ஒட்டிவிட்டார். ஊர் அதை நம்பியது. விசாரணையில் அண்ணனை வாய் திறக்கவே விடவில்லை. அன்றைக்குத் தலையணை என்று தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். கண்காணிப்பாளர் விசாரணைக்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். அண்ணனும் போய்விட்டான். மூன்றாவது ஆள், அதை உள்ளே வைத்தவன். "அவன் அறைப் பக்கமே நான் போனதில்லை" என்று விசாரணையில் சொன்ன ஜட்ஜுக்குத் தலையணை எப்படித் தெரிந்தது?

"நீங்க அவர்கிட்ட திருப்பிக் கேட்டீங்களா?" அண்ணியின் குரல் மாறவே இல்லை.

"கேட்டேன். 'எல்லாரும் கட்டிலுக்கு அடியிலன்னு சொன்னாங்களே சார்'னேன். பேச்சை நிறுத்திட்டார். தண்ணி கேட்டார். அப்புறம், அந்த இடத்தை வெட்டிடலாமான்னு கேட்டார். இங்க எதையும் வெட்டறதில்லை சார், அதுதான் காப்பகத்தோட விதின்னு சொன்னேன். அதுவரைக்கும் நல்லா உற்சாகமாத்தான் பேசினார். நானும் நல்லாத் தூண்டிவிட்டேன்."

"எப்படி?"

"அது எங்க தொழில் தந்திரம். ஞாபகம் இல்லைன்னு சொல்றவங்ககிட்ட, நாமளே கொஞ்சம் தப்பாச் சொல்லணும். உடனே திருத்துவாங்க. வக்கீலுங்களால தப்பைக் கேட்டுட்டு சும்மா இருக்கவே முடியாதும்மா. ஜட்ஜ் ஐயா இன்னும் மோசம். நான் வாயை மூடறதுக்குள்ள திருத்திடுவார்."

"எங்க வீட்ல அண்ணியும் அப்படித்தான்" என்றான் வால். "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே திருத்திடுவாங்க."

அண்ணி அவனைக் கண்டுகொள்ளவில்லை. மேஜை மேலிருந்த சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் எடுத்துப் புரட்டினாள். அதன் ஓரத்தில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"அதுக்குக் கீழ சிவப்பு விளக்கு எரியும். வயசானவங்க அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு விறைச்சுப் போயிடறாங்க. அதனால மூடி வச்சிருக்கேன். ஆனா இது பேட்டிக்கு இல்லைம்மா, அதுக்குப் பெரிய கருவி இருக்கு. இது என் சொந்தக் கருவி. மௌனத்துக்கு."

"எதுக்கு?" என்றான் வால்.

"ஒவ்வொரு பேட்டி முடிஞ்சதும் காலி ரூமோட சத்தத்தைக் கொஞ்ச நேரம் எடுத்து வச்சுக்குவேன். ஃபேன் ஓடற சத்தம், தூரத்துல வண்டி போற சத்தம். பின்னாடி பதிவைச் சுத்தம் பண்ணும்போது உதவும். எல்லாரையும் வெளியே அனுப்பிட்டு, இதைப் போட்டுவிட்டு, 'பேசாதீர்கள்'னு முன்கதவுக்கு வெளியே ஒரு அட்டையை மாட்டிட்டு டீ குடிக்கப் போயிடுவேன்."

"ஏங்க, சும்மா இருக்கறதைப் பதிவு பண்ண ஒரு கருவியா? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வந்து சும்மா இருந்திருப்பேனே."

"ஜட்ஜ் பேட்டிக்கு அப்புறமும் எடுத்தீங்களா?" என்றாள் அண்ணி.

"எடுத்தேன். அவரும் முதல்வரும் பக்கக் கதவு வழியா முதல்வர் ரூமுக்குப் போனாங்க. நான் முன்கதவு வழியாப் போனேன்."

"அதைக் கேட்டீங்களா?"

"மௌனத்தை யாரும்மா கேப்பாங்க?"

"இப்படி ஒண்ணு இருக்கறது முதல்வருக்குத் தெரியுமா?"

காது யோசித்தாள். "அவர் இதையெல்லாம் கேட்டுக்கிட்டதே இல்லை."

அண்ணி வால் பக்கம் திரும்பினாள். "வண்டியில என் தண்ணி பாட்டில் இருக்கு. எடுத்துட்டு வா. அங்க வேற எது இருந்தாலும் தொடாதே."

வேற என்ன இருக்கப் போகிறது என்று முனகிக்கொண்டே வால் போனான். சீட்டைத் தூக்கினான். பாட்டில் இருந்தது. மழைக்கோட்டு இருந்தது. மழைக்கோட்டு மடிப்பில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டும் இருந்தது. அதன் மேல் பேனாவால் 'ஜட்ஜ்' என்று எழுதியிருந்தது.

வால் அதைக் கையில் எடுத்துவிட்டான். எடுத்த பிறகுதான் தொடாதே என்று சொன்னது ஞாபகம் வந்தது. பாட்டிலை மறந்து, கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வராந்தா முழுக்க ஓடி வந்தான்.

அறைக்குள் அண்ணியும் காதும் ஹெட்போனின் ஆளுக்கொரு பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். காது வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அண்ணியின் கண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றது. ஆனால் அது அழுகை இல்லை. அண்ணன் செத்த அன்றுகூட அவள் முகத்தில் இப்படி ஒரு கோபத்தை வால் பார்த்ததில்லை.

"அண்ணி! நம்ம வண்டியில யாரோ..."

"வச்சுட்டாங்களா? நான் காலையிலேயே எதிர்பாத்தேன். தொட்டியா?"

"தொட்டுட்டேன்."

"போய் இருந்த இடத்துலயே வச்சுட்டு வா."

"வச்சா மாட்டிக்குவோம் அண்ணி! நம்மைத் திருடன்னு பிடிப்பாங்க!"

"பிடிக்கணும். எல்லார் முன்னாடியும் பிடிக்கணும்" என்றாள் அண்ணி. "உங்க அண்ணனைப் பிடிச்ச மாதிரியே."

"அதுல அப்படி என்ன கேட்டீங்க?"

"மௌனம்" என்றாள்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்து வழிந்தது. எங்கு பார்த்தாலும் கறுப்புக் கோட்டு. நரைத்த தலை, வழுக்கைத் தலை, சாயம் பூசிய தலை என்று கல்லூரியின் நூறு வருடத்தில் பாதி அங்கே உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஒரு பெண் வழக்கறிஞர், கைத்தடியில் மோவாயை ஊன்றியபடி. குறுக்கு விசாரணையில் சாட்சிகளைக் கதற வைத்தவர் என்பதால் அவருக்குக் 'குறுக்கு' என்றே பெயர். மேடை நடுவில் ஜட்ஜ். வெள்ளை வெளேரென்ற சட்டை, வெண்ணெய் மாதிரி முகம். வாலுக்கு மறுபடியும் கை அரித்தது.

முதல்வர் மைக்கைப் பிடித்தார். பேட்டி திருட்டுப் போன கதையைக் குரல் தழுதழுக்கச் சொன்னார். அந்தச் சமயம் பார்த்து வாசல் காவலாளி உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு மேடைக்கு வந்தார். கார்டு. அண்ணியும் வாலும் வந்த ஸ்கூட்டரில் கிடைத்ததாம். போட்டுப் பார்த்தார்கள், உள்ளே ஒன்றுமில்லை, துடைத்து அழித்திருந்தது.

மண்டபம் சலசலத்தது. முதல்வர் விரல் நீட்டினார். "இந்தம்மா யார் தெரியுமா? நாற்பது வருஷத்துக்கு முன்னாடி கேள்வித்தாள் திருடினவனோட மனைவி! நேத்து அந்த ரூம்ல தனியா இருந்தது இவங்கதான். பழிவாங்கறதுக்காக நம்ம சரித்திரத்தையே அழிச்சிருக்காங்க!"

ஜட்ஜ் பெருந்தன்மையோடு தலையை ஆட்டினார். "பாவம், விட்டுடுங்க. சில குடும்பத்துக்கு அது ரத்தத்திலேயே வரும்."

வால் எழுந்துவிட்டான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தான் எழுந்து மேடை ஏறினாள். காவலாளி வழிமறிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மைக் அவள் கையில் இருந்தது.

"போலீஸைக் கூப்பிடுங்க. நான் எங்கேயும் ஓடலை. பேட்டிதான் போச்சு, அதுக்கு அப்புறம் எடுத்த மௌனம் இருக்கு. அதை ஒரு நிமிஷம் கேட்டுட்டு என்னைப் பிடிச்சுக் குடுங்க."

"மௌனமா? என்ன உளறல் இது?" என்றார் ஜட்ஜ்.

"ஒரு நிமிஷம் பேசாதீங்க, மை லார்ட்" என்றாள் அண்ணி.

மண்டபத்தின் மூலையில் காது ஒரு பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கிகளில் மின்விசிறி சுழலும் சத்தம். தூரத்தில் ஏதோ வண்டியின் ஹாரன். பிறகு ஒரு கதவு கிறீச்சிட்டது.

"கண்ணாடிக் கூட்டை இங்கதான் வச்சேன்" என்றது ஜட்ஜின் குரல்.

"சார், தலையணை உறைன்னு சொல்லிட்டீங்களே!" இது முதல்வர் குரல்.

"வாய் தவறிடுச்சுய்யா. அந்தப் பொண்ணு வேற திருப்பிக் கேக்குது."

"மண்டபத்துல போட்டா உங்க வருஷத்து ஆளுங்க கவனிச்சிடுவாங்க சார்."

"போட்டாத்தானே? இல்லாம பண்ணிடு."

"யார் பண்ணினாங்கன்னு கேப்பாங்களே?"

"அவன் பொண்டாட்டி துப்பறியறேன்னு திரியறாளாமே? கூப்பிடு. அந்த ரூமுக்குள்ள ரெண்டு தடவை விடு. கார்டை அவ சாமானுக்குள்ள போடு. புருஷன் திருடன்னா பொண்டாட்டி திருடின்னு ஊரே நம்பும். அன்னைக்கு நான் உள்ள போனப்போ நீ வாசல்ல காவல் நின்ன இல்ல? இன்னைக்கும் அதே மாதிரி நில்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். இதோ, கூடு இங்க இருக்கு."

கதவு சாத்தும் சத்தம். மறுபடியும் மின்விசிறி.

முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவித் தேடி உட்கார்ந்தார். வால் அண்ணனை நினைத்துக்கொண்டான். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

ஆனால் ஜட்ஜ் சும்மா ஜட்ஜ் ஆகவில்லை. நிதானமாக எழுந்தார். "நண்பர்களே, இன்னைக்குக் கம்ப்யூட்டர்ல யார் குரலை வேணும்னாலும் செய்யலாம். என் குரல் ஊர் முழுக்கக் கிடைக்குது. இது போலி. அந்த மாணவன் அறைப் பக்கமே நான் போனதில்லை. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன்."

குறுக்கு கைத்தடியால் தரையைத் தட்டினார். "அவர் சொல்றதுல நியாயம் இருக்கும்மா. இயந்திரத்தை நம்பி யாரையும் தூக்குல போட முடியாது. வேற ஏதாவது இருக்கா?"

கோட்டுத் தலைகள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன. அண்ணியின் தோள் தளர்ந்தது. இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்றவள், தோற்றுப்போன மாதிரி குரலை இறக்கிக்கொண்டாள்.

"வேற என்னங்க இருக்கும்? அவர் செத்துட்டார். அவர் சொன்னதைத்தான் நான் சொல்ல முடியும். அப்ப அவர் முதல் வருஷம் படிச்சிட்டிருந்தார்..."

"கடைசி வருஷம்" என்றார் ஜட்ஜ், எரிச்சலாக.

வால் திகைத்தான். அண்ணன் படித்த வருடம் அண்ணிக்கு மறக்குமா?

"சரி, கடைசி வருஷம். குற்றவியல் சட்டக் கேள்வித்தாள் காணாமப் போச்சு..."

"சாட்சியச் சட்டம்! அடிப்படையே தெரியாம மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

"படிக்காதவ, மன்னிச்சிடுங்க. சாட்சியச் சட்டம். விடுதியில கீழ்த்தளத்துல அவர் ரூம்..."

"மாடியில."

"மாடியில. அங்க, அந்தக் காகிதத்தை நாலா மடிச்சு அவரோட மஞ்சள் தலையணை உறைக்குள்ள..."

"பச்சை" என்றார் ஜட்ஜ்.

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது.

அண்ணி அவசரப்படாமல் கைப்பையைத் திறந்தாள். இத்தனை வருடமாக அவள் கூடவே சுமந்து திரியும் அந்தப் பையின் உள் ஜிப்பை அவள் திறந்து வால் பார்த்ததே இல்லை. உள்ளேயிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து உதறினாள். சாயம் போன, ஓரம் நைந்த ஒரு பழைய தலையணை உறை. பச்சை நிறம்.

"விடுதியை விட்டு அனுப்பினப்போ இதை மட்டும் சுருட்டி எடுத்துட்டு வந்தார். செத்த அன்னைக்கும் இதுலதான் தலை வச்சிருந்தார்" என்றாள். "ரூம் பக்கமே போகாதவருக்கு உறையோட நிறம் எப்படிங்க தெரியும்?"

"சாட்சி பதில் சொல்லணும்!" என்று குறுக்கு எழுந்தே விட்டார். பின்னாலிருந்து இன்னொரு குரல் அதையே கத்தியது. அப்புறம் மண்டபமே கத்தியது. "சார்தான் எல்லாம் பண்ணச் சொன்னார்! அன்னைக்கும் நான் வாசல்லதான் நின்னேன், உள்ள போகலை!" என்று முதல்வர் அழ ஆரம்பித்தார். ஜட்ஜ் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெண்ணெய் முகம் உருகி வழிந்தது. வால் அதை ஆசை தீரப் பார்த்தான். கை அரிப்பு தானாக நின்றுபோயிருந்தது. இந்த ஆளை இனி அடிக்க என்ன இருக்கிறது?

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் ஜட்ஜ் அண்ணியிடம் குனிந்தார். மைக்கில் படாத குரலில் பேசினார். முன்வரிசைக்கு ஓடி வந்துவிட்ட வாலுக்கு மட்டும் கேட்டது.

"என்னம்மா வேணும் உனக்கு? எது வேணும்னாலும் கேளு. இதை இத்தோட விட்டுடு. அந்தப் பதிவை அழிச்சுடச் சொல்லு."

"அழிக்கறது உங்க பழக்கம்" என்றாள் அண்ணி. "உங்களை ஜெயில்ல போடணும்னு எனக்கு ஆசை இல்லை. அதுல இருந்து வெளியே வர்ற வழியெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்க வெளியே வர முடியாத இடத்துல உங்களை வைக்கணும். எனக்கு உங்க பேட்டி வேணும்."

"பேட்டியா?"

"போனது போச்சு. புதுசாக் குடுங்க. என்ன பண்ணீங்க, எப்படிப் பண்ணீங்க, யார் காவல் நின்னாங்க, எல்லாம். உங்க வாயால, உங்க குரல்ல. போலின்னு அப்புறம் சொல்ல முடியாத மாதிரி இத்தனை பேர் முன்னாடி. நாங்களெல்லாம் செத்த பிறகும் இந்தக் காலேஜுக்கு வர்ற ஒவ்வொரு பிள்ளையும் அதைக் கேக்கணும். என் வீட்டுக்காரரைப் பத்தி நீங்க சொன்ன பொய் நாற்பது வருஷம் இங்க உசுரோட இருந்துச்சு. உண்மை அதைவிட நீளமா இருக்கட்டும்."

ஜட்ஜ் மண்டபத்தைப் பார்த்தார். அவர் பெயர் பொறித்த கல்லின் திரையை இன்னும் யாரும் விலக்கவில்லை. தப்பிக்க ஒரு முகமாவது கிடைக்குமா என்று வரிசை வரிசையாகத் தேடினார். எல்லா முகமும் சாட்சிக் கூண்டைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

காது தன் சின்னக் கருவியைக் கொண்டுவந்து அவர் எதிரே வைத்தாள். வால் மேடைக்குத் தாவினான்.

"ஒரு நிமிஷம். ஐயாவுக்கு இது தெரியணும் இல்ல?"

நகத்தால் சுரண்டி அந்தக் கறுப்பு டேப்பை உரித்தான். சிவப்பு விளக்கு ஜட்ஜின் கண்ணுக்கு நேராக எரிந்தது. அவர் அதையே பார்த்தார். பார்வையை எடுக்க அவரால் முடியவில்லை.

அண்ணி பச்சை உறையை மடித்து, அவர் முன்னால் மேஜை மேல் வைத்தாள். மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"முதல்ல ரூமோட சத்தத்தை எடுக்கணுமாம். எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் பேசாம இருங்க."

அத்தனை கறுப்புக் கோட்டுகளும் எழுந்தன. எதற்கு எழுகிறோம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கும் வாலுக்கு அன்று ஒன்றுகூட வாயில் வரவில்லை. மின்விசிறி சுழன்றது. ஜட்ஜ் மூச்சு வாங்கும் சத்தம் தெளிவாகப் பதிவாகிக்கொண்டிருந்தது.